கட் சொல்ல ஆளில்லாத காட்சி

பம்பாய், பாந்த்ரா
11 ஜூலை 1979

சுலபா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஃபிலிம் லேபுக்குப் போய்க் கடைசிக் காட்சியின் இரண்டாவது டேக் நெகடிவைக் கேட்டேன். "மேடம் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்களே சார்" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். உன் கையெழுத்துதான். எடிட்டிங் அறைக்கு ஓடினேன். அதிலிருந்து எடுத்த ரஷ் பிரிண்டும் இல்லை. மேஜை மேல் உன் கண்ணாடிக் கூடு மட்டும் கிடந்தது. வாட்ச்மேனைக் கேட்டால், "ஊருக்குப் போறேன்னாங்க, கையில பெரிய டப்பா. அண்ணன் வீட்டுக்கு மிட்டாய் வாங்கிட்டுப் போறாங்கன்னு நினைச்சேன்" என்கிறான்.

பன்னிரண்டு வருஷமாக என் படங்களை வெட்டி ஒட்டுகிறவள் நீ. ஏழு படம். வருஷா வருஷம் எனக்கு ராக்கி கட்டுகிறவள். திருடி என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் வேறு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை.

டிரயல் ஷோவில் நீயும்தான் உட்கார்ந்திருந்தாய். பத்து வருஷம் முன்னால் ஓடிப்போன புருஷன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவன் வேலையைத் தான் எடுத்து ரயில்வே கேட்டைக் காத்துவந்த பெண் கதவைத் திறக்கவில்லை. படம் முடிந்துவிட்டது. விளக்கைப் போட்டதும் டெல்லி விநியோகஸ்தர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "கடைசி ரீலைப் போட மறந்துட்டானா ஆபரேட்டர்?" எல்லோரும் சிரித்தார்கள். ஜமன்தாஸ் சேட் மட்டும் சிரிக்கவில்லை. "நௌட்டியால் ஜீ, வாசல்ல நிக்கற புருஷனுக்குக் கதவு திறக்காத பொம்பளையை எந்தக் குடும்பம் வந்து பார்க்கும்? ரெண்டாவது டேக்ல திறக்கறா, கால்ல விழறா, அழறா. அதைப் போடுங்க" என்றார்.

படத்துக்குப் பணம் போட்டவர் அவர். அவர் சொல்வதில் தப்பென்ன? அந்த முதல் டேக் நடிப்பே இல்லை. யூனிட் முழுக்கத் தெரிந்த கேலிக்கூத்து அது. ஓடிப்போன புருஷனாக நடிக்க மாட்டேன் என்று ஹீரோ கழன்றுகொண்டான். அதனால் நான் வேஷம் கட்டினேன். மூன்று தட்டு, கதாநாயகி மீனல் திறக்க வேண்டும். திறக்கவில்லை. கட் சொல்ல வேண்டியவன் நான். நானோ கேமராவுக்கு முன்னால் நிற்கிறேன். டைரக்டரை நிறுத்த உதவியாளன் ஹபீபுக்குத் தைரியம் இல்லை. நான் சொல்லாமல் கேமராவை நிறுத்தும் பழக்கம் கேமராமேன் ஃபர்தூனுக்குக் கிடையாது. நான் சொல்வேன் என்று அவர்களும், யாராவது சொல்வார்கள் என்று நானும் நிற்க, கேமராவில் மாட்டியிருந்த மகசினின் நானூறு அடி ஃபிலிமும் ஓடித் தீர்ந்தது. அந்தக் குளறுபடியை எடுத்து நீ மூன்று நிமிஷம் பத்து விநாடிக்குக் க்ளைமாக்ஸ் ஆக்கினாய். அன்றைக்கு நானும் மயங்கி, பிரமாதம் என்றேன். அது என் தப்பு.

சேட் அடுத்த படத்தை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கலர், பெரிய ஸ்டார், காஷ்மீரில் நாற்பது நாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தக் கதவு இப்போது திறக்காவிட்டால் இனித் திறக்காது. டப்பாவை உடனே அனுப்பு.

கிரீஷ் நௌட்டியால்

*

சாவந்த்வாடி
17 ஜூலை

டைரக்டர் சாகிப்,

வழக்கம்போல் அண்ணன் முறையில் 'பையா' என்று தொடங்கி அடித்துவிட்டேன். திருடிக்கு அந்த உரிமை ஏது?

டப்பா பத்திரமாக இருக்கிறது. இங்கே அடிக்கிற மழைக்குச் சுவர்கூட வியர்க்கிறது, பூஞ்சை பிடித்துவிடும். அதனால் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அண்ணிக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அரிசி அள்ளக் கையை விட்டவள் நகத்தை இடித்துக்கொண்டாள்.

"என்னடி இது, புதையலா?"

"ஒரு கதவு, அண்ணி."

"கதவை அரிசியிலயா வைப்பாங்க? பம்பாய்ல இருந்து இருந்து உனக்கு மூளை கழண்டுபோச்சு."

அன்றிலிருந்து சோறு வடிக்கிற ஒவ்வொரு வேளையும் எனக்கு அர்ச்சனை நடக்கிறது. "இன்னைக்குச் சோத்துல சினிமா வாசனை அடிக்குது" என்று அண்ணனிடம் கோள் மூட்டுகிறாள். வாங்கிக்கொண்டு இருக்கிறேன். டப்பாவை மட்டும் தர மாட்டேன்.

நடிப்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நடிப்பைப் பற்றி என்னை விட யாருக்குத் தெரியும்? உங்கள் படமோ ஊரார் படமோ, ஆள் வராத நாளில் நீங்கள்தான் டாக்டர். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வருவீர்கள், கண்ணாடியைக் கழற்றுவீர்கள், தலையை ஆட்டுவீர்கள், வெளியே தாய்க்காரி கதறுவாள். அந்தக் கண்ணாடியைக் கழற்ற எப்போதும் எட்டு ஃப்ரேம் அதிகம் எடுத்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு முறையும் நான் வெட்டியிருக்கிறேன். ஒரு முறையாவது கவனித்தீர்களா?

அந்த நானூறு அடியில் நடுவே எங்கும் எனக்குக் கத்தரி வைக்க இடம் கிடைக்கவில்லை. முதல் நிமிஷம் நடிக்கிறீர்கள். தாடையை இறுக்கி, டாக்டர் மாதிரி. அப்புறம் இந்த மீனல் ஏன் திறக்கவில்லை என்று எரிச்சல் வருகிறது. அதுவும் வடிகிறது. மறுபடி தட்டக் கையைத் தூக்குகிறீர்கள், தட்டாமல் இறக்குகிறீர்கள். கடைசியில் குனிந்து உங்கள் செருப்பைப் பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் ஒரு ஆம்பளை, இந்தக் கதவு தன்னுடையது இல்லை என்று வாழ்க்கையில் முதல் முறையாகப் புரிந்துகொள்கிறான். இதற்கு முன்னால் எந்த இந்திப் படத்தில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

தவறுதான். ஆனால் யாரோ மாவைப் புளிக்க விட்ட தவறில்தான் இன்றைக்கு ஊரெல்லாம் ஜிலேபி பிழிகிறார்கள். சேட்டிடம் சொல்லிவிடுங்கள், சுலபா கானோல்கர் தர மாட்டாளாம் என்று. என் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்தால் நெகடிவை எலி தின்றுவிட்டது என்று சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

சுலபா

*

பம்பாய்
24 ஜூலை

சுலபா,

சேட்டிடம் எலிக் கதை சொல்ல நான் பள்ளிக்கூடத்துப் பையன் இல்லை. நடந்ததைச் சொன்னேன். சங்கத்தில் புகார் கொடுப்பாராம், உனக்கு இந்த ஊரில் யாரும் வேலை தராமல் பார்த்துக்கொள்வாராம். அதற்கும் மேலே போலீஸ். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக ஒரு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறேன்.

அடுத்த வாரம் மீனலைப் பார்க்கப் போகிறேன். நீ தராவிட்டால் அந்தக் காட்சியை மறுபடி எடுத்துக்கொள்வேன். செட்டைப் பிரித்துவிட்டார்கள், அந்த இடத்தில் யாரோ கோர்ட் சீன் எடுக்கிறார்கள். பரவாயில்லை, ஒரு சுவரும் கதவும் போதும். நீ அரிசியைக் காவல் காத்துக்கொண்டிரு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் சரி. யார் படம் இது? உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மாமியார் மருமகளாக வந்து உட்கார்கிற பெண்களுக்கான படம். அவர்கள் புருஷன் திரும்பி வர வேண்டும் என்று விரதம் இருக்கிறவர்கள். நீ வேறு. பம்பாயில் தனி அறை, தனிச் சாவி. வருகிறவன் இல்லை, தட்டுகிறவன் இல்லை. குடும்பம் நடத்தாதவளுக்குக் குடும்பப் படத்தின் முடிவைப் பற்றி என்ன தெரியும் என்று சேட் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது.

கிரீஷ்

*

சாவந்த்வாடி
31 ஜூலை

டைரக்டர் சாகிப்,

நல்ல கேள்வி. பதில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்தில் என் புருஷனைப் பற்றி நீங்கள் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் வீட்டை விட்டுப் போனார். ஏழு வருஷம் தகவல் இல்லை. நான் பம்பாய்க்கு வந்து வேலை கற்றுக்கொண்டேன். 1968 தீபாவளிக்கு இந்த வீட்டில் இருந்தபோது அவர் வந்தார். இதே வாசல், இதே கதவு. தட்டினார். நான் உள்ளே நின்றேன். எனக்குத் திறக்க விருப்பமில்லை. அண்ணிதான் பின்னாலிருந்து முதுகைத் தள்ளினாள். "திறடி, ஊர் பாக்குது."

திறந்தேன். காலில்கூட விழுந்தேன், உங்கள் மீனல் மாதிரியே. அக்கம்பக்கத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேட் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

மூன்று மாதம் இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார், என் வேலையை விடச் சொன்னார். சங்கராந்தி முடிந்த மறுநாள் மறுபடியும் போய்விட்டார். ஆக, இரண்டாவது டேக்குக்கு அப்புறம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் படத்தில் அதற்கு ரீல் இல்லை. காலில் விழுந்ததோடு விளக்கைப் போட்டுவிடுவீர்கள். வீட்டுக்குப் போகிற பெண்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

தனிச் சாவி என்று எழுதினீர்களே, அது சும்மா வந்ததில்லை.

டப்பாவை அரசாங்க எஸ்.டி. பஸ் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போலீஸுக்குப் பயந்து இல்லை. பிடுங்கி வைத்துக்கொண்டு உங்களை நல்லவராக்குவதில் என்ன இருக்கிறது? கத்தரி உங்கள் கையில் இருக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது டேக்கை ஒட்டுவதாக இருந்தால் நீங்களே ஒட்டுங்கள். எடிட்டர் என்று என் பெயர் திரையில் வரக் கூடாது.

உள்ளே ஒரு ராக்கியும் இருக்கிறது. வாங்கியது ஜூன் மாதம், வீணாக வேண்டாம். கட்டிக்கொள்வதும் எறிவதும் உங்கள் இஷ்டம்.

சுலபா

*

(அஞ்சல் அட்டை)
சாவந்த்வாடி, 22 ஆகஸ்ட்

டப்பா வந்து சேர்ந்ததா? டிரைவர் கொடுத்துவிட்டதாகச் சத்தியம் செய்கிறார். ஒட்டியாயிற்று என்றால் அதையாவது ஒரு வரி எழுதலாம். டப்பா போனதிலிருந்து டிரம்மில் அரிசி மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறது என்று அண்ணி கேலி செய்கிறாள்.
சு.

*

பம்பாய்
10 செப்டம்பர்

சுலபா,

உன் அட்டையைப் பார்த்துவிட்டும் எழுதாமல் இருந்தேன். எழுத முகம் இல்லை. முதலில் இதைச் சொல்கிறேன்: ஜூலையில் நான் எழுதிய கடைசிப் பத்தி ஒரு ஈனப்பயல் எழுதியது. சேட் கேட்டார் என்று அவர் தலையில் பாதியைக் கட்டினேன். அவர் கேட்கவே இல்லை. நான் கேட்டது. மன்னித்துவிடு. மன்னிக்காவிட்டாலும் நியாயம்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் டப்பா வருவதற்கு முன்னாலேயே மீனல் வீட்டுக்குப் போனேன். மறுபடி எடுக்கலாம், அரை நாள் வேலை என்றேன். டீயை என் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பெண் நிதானமாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் கதவைத் திறக்க மறந்துட்டேன்னா நினைச்சீங்க?"

"பின்னே?"

"மூணு தட்டும் நல்லாக் கேட்டுச்சு. தாழ்ப்பாள்ல கைய வெச்சேன். பத்து வருஷமா வெயில்லயும் பனியிலயும் தனியா நின்னு ரயிலுக்கு கேட் போட்டவ. நீங்கதான சார் என்னை அப்படி நடிக்க வெச்சீங்க? அவ இப்ப எதுக்குத் திறக்கணும்னு தோணிச்சு. கை வரலை. கட் சொல்லித் திட்டுவீங்கன்னு பார்த்தேன். சத்தமே இல்லை. சரி, டைரக்டருக்கும் இதுதான் பிடிச்சிருக்குபோலன்னு நின்னுட்டேன்."

"ரெண்டாவது டேக்ல மட்டும் திறந்தியே?"

"நீங்க கத்தினீங்க. சம்பளம் வாங்கற கை திறந்துச்சு. திரும்பவும் திறக்காது சார். டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். வேறென்ன செய்வது? படம் முழுக்க அந்தப் பெண்ணை நிமிர்ந்து நிற்கவைத்து எடுத்தவன் நான்; அவள் நிமிர்ந்து நின்றுவிட்டாள் என்று கத்தியவனும் நான்.

திரும்பி வந்தால் வாசலில் பஸ் டிரைவர், கையில் உன் டப்பா. உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். என் வீட்டுச் சாவி என் பையில்தான் இருந்தது. ஆனாலும் வெகுநேரம் கதவைத் திறக்காமல் வெளியிலேயே நின்றேன். வேலைக்காரப் பெண் வந்து "சாவி தொலைஞ்சுபோச்சா சாகிப்?" என்று கேட்டாள்.

டப்பாவை அப்படியே வைத்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். எனக்கு என்னைத் தெரியும், சுலபா. வைத்திருந்தால் ஒரு நாள் சேட் தோளில் கை போடுவார், நான் ஒட்டிவிடுவேன். அதனால் குர்லாவில் பழைய ஃபிலிம் கழுவுகிறவர்களிடம் கொண்டுபோனேன். நெகடிவ், ரஷ் பிரிண்ட் இரண்டையும். சோடா போட்ட கொதிதண்ணீரில் முக்கினார்கள். மீனல் கதவைத் திறந்தது, காலில் விழுந்தது, நான் பெருந்தன்மையாக அவள் தலையைத் தடவியது எல்லாம் கரைந்து சாக்கடையில் ஓடியது. கண்ணாடி போல வெறும் பட்டை மிஞ்சியது. அதை வளையல்காரர்கள் வாங்கிக்கொள்வார்களாம். எதிர்ச் சந்திலேயே ஒருவர் இருந்தார். பட்டையை அடுக்கி ஒட்டி, சாயம் போட்டு, இரண்டு வளையல் செய்து தரச் சொன்னேன். ராக்கி கட்டினவளுக்கு அண்ணன்காரன் ஏதாவது கொடுக்க வேண்டுமே. பச்சை நிறம். அளவு சரியாக இருக்கிறதா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக உன் கையைக் கத்தரியோடுதான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் சேட்டிடம் போனேன்.

"டப்பா வந்துச்சா நௌட்டியால் ஜீ?"

"வந்தது சேட். வளையலாப் போயிருச்சு."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. கத்தினார், அழுதார், வெற்றிலையைத் துப்பினார். கடைசியில் ஓய்ந்து, "காஷ்மீர் பார்க்கணும்னு ஆசைப்பட்டீங்களே, சொந்தக் காசுல போய்ப் பாருங்க" என்றார். சென்சார் சான்றிதழ் சாத்தின கதவுக்குத்தான் இருக்கிறது, மீனலும் வர மாட்டாள். வேறு வழி இல்லை அவருக்கு. "குப்பைல போடறதுக்குப் பதிலா கொட்டகைல போடறேன்" என்று நாலே நாலு பிரிண்ட் போடுகிறார். அக்டோபர் ஐந்தாம் தேதி ரிலீஸ். எடிட்டர் என்று உன் பெயர் வரும். பிடிக்காவிட்டால் என் மேல் கேஸ் போடு.

காஷ்மீர் போயிற்று. எனக்கு வருத்தமா என்றால், ஆமாம், ரொம்ப. ஆனால் பயம் போய்விட்டது. இதுவரை ஏழு படமும் யாராவது கட் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பயந்தே எடுத்தவன் நான். மறுபடி டாக்டராகிவிட்டேன். நேற்றுகூட ஒரு படத்தில் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கண்ணாடியை எட்டு ஃப்ரேம் சீக்கிரமே கழற்றினேன், நீ நம்ப மாட்டாய்.

கிரீஷ்

*

சாவந்த்வாடி
21 அக்டோபர்

பையா,

இந்த முறை அடிக்கவில்லை.

நாலு பிரிண்டில் ஒன்று கோலாப்பூருக்கு வந்தது. அண்ணியை அழைத்துக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்றாள். "உன் அரிசிக்குள்ள இருந்தது என்னன்னு பாக்க வேண்டாமா?" என்றதும் புடவை மாற்றிக்கொண்டாள். "உன் அரிசியில் இருந்தது இந்தக் கதவு இல்லை, இன்னொன்று" என்று பஸ்ஸில் விளக்கிப் பார்த்தேன். எதுவானாலும் கதவு கதவுதானே என்று சொல்லிவிட்டாள்.

கூட்டம் பாதிக் கொட்டகை. கடைசிக் காட்சியில் நீங்கள் மூன்று தட்டு தட்டியதும் முன்வரிசையில் விசில். ஒரு நிமிஷம் போனதும் "திறம்மா, பாவம் நிக்கறார்!" என்று கத்தினார்கள். இன்னொருவன் "ஆபரேட்டர், தூங்கிட்டியா?" என்றான். பையா, டிரயல் ஷோ மாதிரியே சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீங்கள் கையைத் தூக்கித் தட்டாமல் இறக்கினீர்கள். அந்த நேரத்தில் என் பக்கத்து நாற்காலி படாரென்று மடங்கியது. அண்ணி எழுந்து நிற்கிறாள்.

"திறக்காதடி! திறந்துடாத! உள்தாழ்ப்பாளையும் போடு!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பெண்கள் பக்கம் எங்கோ மூலையிலிருந்து இன்னொரு குரல், "ஆமா, போடு!" அப்புறம் இன்னொன்று. அப்புறம் எனக்கு எண்ணத் தெரியவில்லை. நீங்கள் செருப்பைப் பார்த்தபோது முன்வரிசையில் ஒரு ஆணும் வாயைத் திறக்கவில்லை.

படம் ஓடாது. வெள்ளிக்கிழமை போஸ்டரைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டிவிட்டார்கள். சேட் சொன்னது சரி, நாம் சொன்னதும் சரி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆம்போலி மலை இறங்கும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு உன் முதுகைத் தள்ளினது நான்தான்" என்றாள். நான் தெரியும் என்றேன். "நான் தள்ளியிருக்கக் கூடாதுடி" என்றாள். பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு வரி போதும் எனக்கு. நான் அழுதேன், அவளும் அழுதாள். கண்டக்டர் வாந்தி வருகிறதா என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வளையல் இரண்டும் எனக்குப் பெரிது. ஒன்றை அண்ணி என்னைக் கேட்காமலே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தும்போதெல்லாம் அது தாழ்ப்பாளில் இடிக்கிறது.

அடுத்த வாரம் பம்பாய்க்கு வருகிறேன். எனக்கு யார் வேலை தருகிறார்கள், யார் தரவில்லை என்று பார்த்துவிடலாம். நீங்களும் சும்மா டாக்டராகத் தலையாட்டிக்கொண்டிருக்காதீர்கள், எட்டாவது படத்தை எழுதுங்கள். சின்னதாக இருக்கட்டும், செட் வேண்டாம், ஸ்டார் வேண்டாம். அதில் நடிக்க ஆள் வராவிட்டால் நீங்களே நில்லுங்கள். கட் சொல்ல நான் கேமரா பக்கத்தில் இருப்பேன். நான் சொல்கிறவரைக்கும் அசையக் கூடாது.

சுலபா